வங்கி முதலாளி வீட்டு ஆள்

பெய்ரூட்டில் நான் பார்த்துக்கொண்ட பெரியவர், தான் ஒரு வங்கிக்கு முதலாளி என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அது உண்மைதான். நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வங்கி அவர் குடும்பத்தின் கையை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வாசல் பலகையில் மட்டும் அவருடைய தகப்பனார் பெயர் அப்படியே இருந்தது. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் இதை எழுத எனக்கு இவ்வளவு தயக்கம்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஆம்பிளைக்கு எதுக்கு நர்ஸ் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க அதைப் படித்தேன். ஊரில் கொஞ்ச காலம், பிறகு துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்து சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த லெபனான்காரர் ஒருவரைத் தூக்கி உட்காரவைப்பதும் குளிப்பாட்டுவதும் என் பொறுப்பு. அவர் என் கையைத் தவிர வேறு யார் கையிலும் சாப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பும்போது அவருடைய மகள் என்னையும் கேட்டாள். சம்பளம் அதிகம். டாலரில் கையில் தருவதாகச் சொன்னாள். போய்விட்டேன்.

கடலைப் பார்த்த பழைய வீடு அது. நாலாவது மாடி. போய் இறங்கிய அன்றே மகள் என்னைச் சமையலறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து இரண்டு விஷயங்கள் சொன்னாள். "அப்பா இன்னும் வங்கி தன்னுடையது என்றே நினைக்கிறார். நீ திருத்த வேண்டாம். திருத்தினால் அழுகிறார். அடுத்தது, அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று வெளியே யாரிடமும் சொல்லாதே. வங்கியோடு சேர்த்து எங்கள் பெயரையும்தான் அவர்கள் வாங்கினார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் இப்படி இருக்கிறார் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பிடிக்காது."

சரி என்றேன். நோயாளியைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை.

தினமும் காலையில் பெரியவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பேன். உட்கார்ந்ததும் கேட்பார்: "கார் வந்துவிட்டதா?"

"இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஐயா. வங்கி கிடையாது."

"ஓ" என்று சாய்ந்துகொள்வார். வாரத்தில் ஏழு நாளும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான். நிஜமான ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு மணி நேரம் சர்ச்சுக்குப் போய் வருவேன். அங்கே முழங்கால் போடும்போது, அந்த ஒரு நாள்தான் அவரிடம் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

வங்கி கிடையாது என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிடும். நேற்றைய சாப்பாடு நினைவில்லாதவருக்கு வங்கியின் கதை அச்சு மாறாமல் நினைவிருந்தது. அவருடைய தகப்பனார் மலைமேல் பட்டுப்புழு வளர்க்கிற கிராமத்திலிருந்து இறங்கி வந்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு நாணயம் மாற்றிக் கொடுத்தார். பிழைப்புக்காகப் பிரேசிலுக்குக் கப்பலேறுகிறவர்கள், வழியில் களவு போகும் என்று பயந்து கையிலிருந்த வெள்ளியையும் பொன்னையும் அவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். "போனவன் திரும்பி வருவானா என்று தெரியாது. வந்தால் அது இங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வங்கி" என்பார் பெரியவர். மேஜை கடையானது. கடை கட்டிடமானது. உள்நாட்டுச் சண்டை மூண்டபோது வங்கி இருந்த தெரு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பெரியவர் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கி, அங்கே வந்து கேட்டவர்களுக்கெல்லாம் அவரவர் பணத்தைக் கொடுத்தாராம். ஒருத்தர்கூட வெறுங்கையோடு போகவில்லை என்று சொல்லும்போது, செயலிழந்த வலது கையை இடது கையால் தூக்கி மார்பில் வைத்துக்கொள்வார்.

சண்டை முடிந்து புதுக் கண்ணாடிக் கதவோடு வங்கி திறந்த நாளோடு அவர் கதை நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்ததை மகள்தான் அவ்வப்போது சொன்னாள். புதுக் கதவுக்கும் புதுக் கிளைகளுக்கும் முதல் வேண்டியிருந்தது. பெரியவரின் தம்பி தன் பங்கை வளைகுடாப் பணக்காரர் ஒருவருக்கு விற்றார். அவரிடமிருந்து அது ஒரு கம்பெனிக்குப் போனது. அந்தக் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அரசியல்வாதியின் சம்பந்திகள் இருந்தார்கள் என்று பேச்சு. பெரியவர் மட்டும் விற்க மாட்டேன் என்று நின்றார். முதல் பக்கவாதம் வந்த பிறகு பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். "தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன்கள் பாரிஸில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு வங்கி?" என்றாள்.

ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் இவ்வளவு கதையும் எனக்குத் தெரிந்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை மறைக்க முடியாது.

காக்காவைச் சந்தித்தது மீன் கடையில். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த முஸ்லிம்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பெரியவருக்கு முள்ளில்லாத மீன் வாங்கப் போயிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "ஏலே, இது நேத்தைய மீனுலே. கண்ணைப் பாருலே, பூத்துப் போய்க் கெடக்கு" என்றது. கடைக்காரனுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரும்பினால், தொப்பி வைத்த ஒருவர்.

"காக்கா எந்த ஊரு?" என்றேன்.

அவர் மீனைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "குலசேகரன்பட்டினம். நீங்க?"

"பாளையங்கோட்டை."

"அட, கிட்டக்க இருந்துட்டு இங்கன வந்தா பாக்கணும்!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர் இரண்டு தெரு தள்ளி ஓர் உணவகத்தில் சமையல்காரர். வயதில் என்னைவிடப் பத்து பன்னிரண்டு மூத்தவர். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது பின்பக்கப் படி வழியாக ஏறி வந்து எனக்கு ஒரு தூக்கில் குழம்பு கொடுத்துவிட்டுப் போவார். அந்த உணவகத்தில் நம் பக்கத்து ஆட்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பாத்திரம் கழுவுகிற இளைஞன் ஒருவன் ஆழ்வார்திருநகரிக்காரன். காக்கா என்னை அவர்களிடம் அறிமுகப்படுத்தியபோது, "தம்பி பேங்க் முதலாளி வீட்டு ஆளு" என்றார். அவர்கள் நால்வருக்கும் அந்த வங்கியில்தான் கணக்கு இருந்தது. வட்டி கூடுதல் என்று உணவக மேலாளர் சேர்த்துவிட்டிருந்தார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முதலாளி இல்லை, முன்னாள் முதலாளி என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. நோயாளியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற விதி ஒன்று இருந்தது, நிஜம்தான். ஆனால் அந்த நால்வரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் மலம் அள்ளிப் போடுகிறவன் நான். வெளியே வங்கி முதலாளி வீட்டு ஆள்.

அடுத்த வருடம் கோடையில் பெய்ரூட்டில் பேச்சு எழுந்தது. டாலர் கிடைக்கவில்லை, வங்கிகளில் சரக்கு இல்லை, எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு பிற்பகல் காக்கா தூக்கு எதுவும் இல்லாமல் வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நம்ம ஊர்ல ராக்கெட் விடப் போறாவளாம், தெரியும்லா? எடம் அளக்க ஆளு வந்துட்டு. எத்தன பேரு வேலைக்கி வருவாவ! ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுட்டா நான் இங்கன கெடக்க வேண்டாம். அதுக்குத்தான் இத்தன வருசம் சேத்தது. இப்பம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதான். எடுக்கவா, விடவா? நீ முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

அன்றைக்கு மகள் வீட்டில் இல்லை. நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. கேட்காமலே, எடுத்துவிடுங்கள் காக்கா என்று சொல்லியிருக்கலாம். எதை வைத்துச் சொல்கிறாய் என்று அவர் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக நான் உள்ளே போய்ப் பெரியவரிடம், "ஐயா, உங்கள் வங்கியில் பணம் போட்டவர் ஒருவர் வந்திருக்கிறார். பயப்படுகிறார்" என்று சொன்னேன்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "வரச் சொல்" என்றார்.

காக்கா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். பெரியவர் இடது கையை நீட்டினார். காக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊர்?" என்று அரபியில் கேட்டார் பெரியவர்.

"ஹிந்த், ஐயா. கடற்கரை ஊர்" என்றார் காக்கா. இந்தியாவைத்தான் அங்கே ஹிந்த் என்பார்கள்.

"கடலைத் தாண்டி வந்தவன். என் அப்பாவிடம் முதலில் பணம் கொடுத்தவனும் கடலைத் தாண்டிப் போனவன்தான். கேட்டுக்கொள். உன் பணம் வங்கியில் இல்லை, என் வீட்டில் இருக்கிறது. சண்டைக் காலத்திலேயே நான் ஒருத்தரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உன்னையா அனுப்புவேன்?"

அவர் குரலில் நடுக்கமே இல்லை. காக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கையைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவரளவில் உண்மை. அந்த அறையில் பொய்யாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

படியில் இறங்கும்போது காக்கா என் கையைப் பிடித்து, "மனுசன்னா இவருல்லா மனுசன். நான் எடுக்க மாட்டேன்வே. பயலுவகிட்டயும் சொல்லிருதேன்" என்றார்.

"காக்கா, கொஞ்சம் மட்டும் எடுத்து வையுங்களேன்" என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே கீழ்ப்படிக்குப் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கும்போது பெய்ரூட் எரிந்தது. தெருவெல்லாம் ஊர்வலம், டயர்ப் புகை. வங்கிகள் கதவைச் சாத்தின. திறந்தபோது வாரத்துக்குக் கைச்செலவுக்கு மேல் தர மாட்டோம் என்றன. அப்புறம் டாலரே தருவதில்லை என்றன. எங்கள் கட்டிடத்தின் கீழே ஒரு நாள் காலை கூட்டம் கூடியது. வீடு யாருடையது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு, "திருடன், திருடன்" என்று கத்தினார்கள். கதவைத் திறக்காதே என்று மகள் சொல்லிவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன சத்தம்?" என்றார் பெரியவர்.

"திருவிழா, ஐயா."

"என்னைக் கூட்டிப் போ."

சுவரைப் பிடித்துச் சில அடி நடக்கப் பழகியிருந்த அவர், ஜன்னல் பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் தானே திறந்துவிட்டார். நான் அவரைப் பிடிப்பதற்குள் பால்கனிக் கம்பியில் சாய்ந்து நின்று கீழே இருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தார். சிரித்துக்கொண்டே அசைத்தார். கூட்டம் ஒரு நொடி அடங்கிப் பிறகு வெடித்தது. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் காக்காவும் அவருடைய ஆட்களும் நின்றிருந்தார்கள். காக்கா கத்தவில்லை. அவரும் கையைத் தூக்கினார். பெரியவர் தன்னைப் பார்த்துத்தான் அசைக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

சில மாதங்களில் உணவகம் மூடியது. காக்காவுக்கு ஊருக்கு டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். விடைபெற வந்தவரை நான் கீழே தெருவிலேயே சந்தித்தேன். "முதலாளிகிட்ட என் சலாம் சொல்லு தம்பி. அவரு சொல் தப்ப மாட்டாரு. இப்பம் நெலம சரியில்ல, அவ்வளவுதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

எனக்கு மட்டும் மாதா மாதம் சம்பளம் வந்தது. மகள் வீட்டிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, மடிப்பு விழாத புது டாலர் நோட்டாகக் கொடுத்தாள். ஊரே வரிசையில் நின்று கிடைக்காத நோட்டு. பாளையங்கோட்டைக்கு வெளியே நாங்கள் பாதியில் விட்டிருந்த வீடு அந்தப் பணத்தில்தான் மாடி ஏறியது. பெரியவர் ஒரு காலையில் டை கட்டும்போதே என் தோளில் சாய்ந்து போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த பிறகு நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகு குலசேகரன்பட்டினம் பக்கம் போகவே இல்லை. அந்த ஊர்த் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிறவர்கள் மேளத்தோடு எங்கள் தெரு வழியாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். நான் பின்பக்கம் போய்விடுவேன். என் மனைவிக்குக் காரணம் தெரியாது. மேளச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அறுவைசிகிச்சை வார்டு. போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை வார்டுக்குள் நுழைகிறேன், ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் காக்கா. தாடி முழுக்க நரைத்திருந்தது. கட்டிலில் அவருடைய மனைவி. சர்க்கரைப் புண் காலில் ஏறி, இரண்டு விரலை எடுத்திருந்தார்கள்.

"அல்லாவே, தம்பி!" என்று எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஏளா, இவருதான் நான் சொன்ன தம்பி. பேங்க் முதலாளி வீட்டுல இருந்தாருல்லா!"

"வாங்க தம்பி. ஒங்க பேச்சுதான் எப்பமும்" என்றார் ராத்தா. அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற அந்தச் சொல்லால்தான் நான் அவரைக் கூப்பிடத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து அந்த வார்டுக்கே அந்தக் கதை தெரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் காக்கா சொல்வார்: "கையைப் பிடிச்சுச் சொன்னாருவே அந்த மனுசன். அவரு பேங்க அரசாங்கமே மொடக்கிட்டு. அதுக்கு அவரு என்ன செய்வாரு? ஒருநா வரும்." கைபேசியில் வங்கியின் செயலியைத் திறந்து காட்டுவார். கணக்கில் தொகை அப்படியே எழுத்தில் இருந்தது. அதைத் தொட முடியாது, அவ்வளவுதான்.

"முதலாளி நல்லா இருக்காரா?" என்று முதல் நாளே கேட்டார்.

"மவுத்தாயிட்டாரு காக்கா."

அவர் கண்ணை மூடி எதையோ ஓதினார். பிறகு, "மவ சொல்லக் காப்பாத்துவாள்லா?" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒரு காலை ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பேரும் நின்றிருந்தபோது, "காக்கா, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

"பில்லு விசயமா தம்பி? கூடிட்டோ?"

"ஆமா காக்கா. நான் ஆபீஸ்ல பேசிக் குறைக்கச் சொல்லுதேன்" என்றேன். சொன்னபடி குறைத்தும் கொடுத்தேன். அதற்கு அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ராத்தாவை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் பிற்பகல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஒருவன் பார்க்க வந்தான். பெய்ரூட்டில் பாத்திரம் கழுவிய அந்த ஆழ்வார்திருநகரிக்காரன். இப்போது வாழைத்தார் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறான். உடம்பு போட்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். நான் ராத்தாவின் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

காக்கா வழக்கம்போல ஆரம்பித்தார். முதலாளி இறந்துவிட்டார், ஆனால் மகள் இருக்கிறாள் என்று.

"காக்கா, இன்னுமா அந்த முதலாளி தருவாருன்னு சொல்லிட்டுத் திரியுதிய?" என்றான் அவன். "அவரு முதலாளியே இல்ல காக்கா. அந்தக் குடும்பம் வித்துட்டுப் போயி எத்தனையோ வருசம். அங்கன பேப்பர்லயே வந்துருந்துச்சு. மேசை தொடைக்கிற அந்த நாட்டுப் பையன் எனக்கு வாசிச்சுக் காட்டுனான். நான் அன்னைக்கே ஒங்ககிட்ட சொன்னேனா இல்லயா? நீங்கதான், லே, நான் நேர்ல பாத்துட்டு வாரேன், பேப்பர்க்காரனுக்கு என்ன தெரியும்னிய. நீங்க பொய் சொல்ல மாட்டியன்னுட்டுத்தான் நானும் எடுக்காம விட்டேன்."

"அது யாரோ எழுதுனதுலே" என்றார் காக்கா.

"யாரோ எழுதுனதா? இவருகிட்ட கேளுங்க. அந்த வீட்டுலதான இருந்தாரு. இவருக்குத் தெரியாமயா இருக்கும்?"

நான் புண்ணிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கையில் பஞ்சு இருந்தது. காக்கா என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"தம்பி?"

"ஆமா காக்கா" என்றேன்.

"என்ன ஆமா?"

"நான் போறதுக்கு முன்னாலயே வித்துட்டாவ. பேரு மட்டுந்தான் அவிய பேரு."

"அவரு என்ட்ட சொன்னாரே."

"அவருக்குப் பக்கவாதம் வந்த பெறகு நெனவு சரியில்ல காக்கா. வித்தது அவருக்கே தெரியாது."

காக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்பம் நான் யாரு கையப் பிடிச்சேன்?" என்றார். என்னிடம் கேட்டதுபோல இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அங்கன நின்னியல்லா. தட்டு வச்சிக்கிட்டு நின்னியே" என்றார்.

"நின்னேன்."

ஆழ்வார்திருநகரிக்காரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் உண்மையிலேயே மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பான் போல. "சரி விடுங்க, போனது போச்சு" என்று சொல்லிப் பழத்தை ராத்தாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். ராத்தா என் கையைப் பார்த்து, "தம்பி, பைய. வலிக்கி" என்றார். நான் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

மறுநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது காக்கா வராண்டாவில் என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"பணத்த விடு தம்பி. மூணு பேருகிட்ட நான் சொல்லிருக்கேன். அதுல ஒருத்தன் இப்பமும் என் மூஞ்சில முழிக்க மாட்டான். நீரு பொய் சொல்லி எங்களக் கெடுத்துட்டீருன்னு சொல்லிட்டுப் போனான். நான் பொய்யே சொல்லலன்னு அவன்ட்ட எத்தன தடவ சண்ட போட்டுருக்கேன் தெரியுமா? பள்ளிவாசல்ல வச்சே சண்ட." நிறுத்தி மூச்சு வாங்கினார். "பொய்தான் சொல்லிருக்கேன்."

"பொய் நான் சொன்னது, காக்கா."

"நீ ஒண்ணும் சொல்லலியே. வாயத் தொறந்து நீ ஒண்ணுமே சொல்லலியே" என்றார். ராத்தாவின் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனார். நான் பிடிக்கப் போனபோது கையை விலக்கினார்.

வீட்டுக்கு வந்து அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, கேட்காத மாதிரி துணியை மடித்து அடுக்கினாள். பிறகு, "இந்த வீட்ட என்ன செய்யச் சொல்லுதிய?" என்றாள். விற்றுக் கொடுத்தால் நான்கு பேருக்கும் காணாது. கொடுக்காமல் இருக்க அது ஒரு காரணமும் இல்லை. இந்தப் பேச்சு எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

பத்து நாள் கழித்து ராத்தா போன் செய்தார். உள்ளூரில் கட்டுப் போடுகிறவர் சரியாகப் போடவில்லை, புண்ணில் ஈரம் கசிகிறது, பஸ்ஸில் பாளையங்கோட்டை வந்து போகக் கால் தாங்காது என்றார். நான் வருகிறேன் என்றேன். காக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். "அவியட்ட என்ன கேக்க? காலு என் காலு" என்றார்.

அப்படித்தான் வாரம் ஒருமுறை, என் ஓய்வு நாளில், திருச்செந்தூர் பஸ் பிடித்துப் போய், அங்கே மாறிக் குலசேகரன்பட்டினம் போக ஆரம்பித்தேன். ஆழ்வார்திருநகரியில் பஸ் நிற்கும்போது வாழைத்தார் ஏற்றிய வண்டிகளில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

ராக்கெட் தளத்துக்கு வேலை நடக்கிறது. வேலையாட்களுக்குச் சாப்பாடு போடுகிற கடைகள் சாலையோரம் வந்திருக்கின்றன. அதில் ஒன்றில் காக்கா சமைக்கிறார். கடை வேறொருவருடையது. வெளியூர்க்காரர்கள் அந்தக் கடையைத்தான் தேடி வருகிறார்கள் என்று ராத்தா சொன்னார். நான் அதன் எதிரேதான் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். ஒருநாள்கூட உள்ளே போனதில்லை.

நான் போகிற நேரம் அவர் வீட்டில் இருந்தால், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். சலாம் சொன்னால் பதில் சலாம் மட்டும் சொல்வார். ராத்தாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். மகன் சவூதிக்குப் போனது, கிணற்றுத் தண்ணீர் உப்பானது, காக்காவோடு சண்டை போட்ட அந்த ஆள் ஒரு கல்யாண வீட்டில் காக்காவைப் பார்த்தும் பாராமல் போனது. ஒருநாள், "நான் அவனைப் போய்ப் பார்த்து, தப்பு காக்கா மேல் இல்லை என்று சொல்லவா?" என்று கேட்டேன். "இவிய வேண்டாம்னுட்டாவ. கேட்டேன்" என்றார் ராத்தா.

போன வாரம் கட்டைப் பிரித்தபோது புண்ணின் ஓரங்கள் சிவப்பாக, சுத்தமாக இருந்தன. புதுத் தோல் ஏறிக்கொண்டு வருகிறது. நல்ல அறிகுறி. இன்னும் இரண்டு மூன்று தடவை வந்தால் போதும், அப்புறம் நீங்களே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்று ராத்தாவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இது இன்னும் கொஞ்ச நாள் ஆறாமல் இருந்தால் என்ன என்று எனக்குள் ஓடியது. எத்தனையோ புண்களைக் கழுவியிருக்கிறேன், ஒரு நோயாளியைப் பற்றி நான் அப்படி நினைத்ததில்லை. புதுத் துணியை எடுத்து, இறுகாமல், ஒழுங்காகக் கட்டி முடித்தேன்.